சொல்லச் சொன்னது யார்? ஒரு கடற்கரை ஊர், ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி, ஒரு தீபாவளிச் சீட்டு

கீழே இருப்பதை எழுதியது நான். 2022 நவம்பர் மாதம், கூலி 1,500 ரூபாய்.

"அக்கா, ஒரு நிமிசம். நான் ஒங்க மைக்கண்ணன் பேசுறேன். புயல் வந்தா சொல்வேன், தண்ணி வந்தா சொல்வேன். இன்னைக்கி ஒரு நல்ல சேதி. மாசம் 500 ரூவா, பன்னெண்டு மாசம். அடுத்த தீவாளிக்கு ஒங்க வாசல் தேடி வரும் பாத்திரம், பட்டாசு, ஒரு கிராம் தங்கக் காசு. தடைக்காலத்துலயும் சரி, வாடைக் காத்துலயும் சரி, யாருகிட்டயும் கையேந்த வேணாம். நம்ம வீட்லயும் ரெண்டு சீட்டு போட்டிருக்கு."

எழுதி முடித்தபோது நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். இன்றும் தொழில்முறையில் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அழைப்பு, அறிமுகம், பழைய நன்றியின் நினைவூட்டல், தொகை, பரிசு, பயம், சாட்சி என்று எல்லாம் அரை நிமிடத்துக்குள் அடங்கியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக ராமநாதபுரத்தில் உட்கார்ந்து கேபிள் டிவிக்கும் ஆட்டோ விளம்பரத்துக்கும் எழுதிய கை. இந்த ஆய்வு அந்த அரை நிமிடம் ஓர் ஊரில் என்ன செய்தது என்பதைப் பற்றியது.

ஊரின் பெயர் வேண்டாம். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் இடையில், தென்கடல் ஓரமாக இருக்கிறது. ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோவில், கடலைப் பார்த்தபடி ஒரு காளி கோவில். ஆண்களில் பாதிப் பேர் வல்லம் என்கிற நாட்டுப்படகில் போகிறவர்கள், மீதிப் பேர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், சில வீடுகளில் வளைகுடாப் பணம். பெண்கள் கணிசமான பேர் கடல்பாசி எடுக்கப் போவார்கள். மாவட்டத்துக்குச் சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது, இந்த மாதிரி ஊர் அதில் எத்தனையோ.

குரல்

ஊரில் அவரை மைக்கண்ணன் என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் மைக்கண்ணன், அவரைவிட மூத்தவர்களும் மைக்கண்ணன். ஆட்டோ மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் ஒரு அகுஜா ஆம்பிளிஃபையர், ஒரு பேட்டரி. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. காவிரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும், ரேஷனில் எந்தக் கார்டுக்கு என்றைக்கு, யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு, கடலில் காற்று எப்படி என்று எல்லாமே அவர் வாயிலிருந்துதான் வரும். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் இறையன்பு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, அதற்குப் பதில் வாகன ஒலிபெருக்கியைப் பயன்படுத்தும்படி ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்பினார் அல்லவா, அதற்குப் பிறகு பஞ்சாயத்து வேலை முழுதும் இவர் கைக்கே வந்தது.

அவர் அறிவிக்கும் முறையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. பிற்பாடு, எல்லாம் கெட்ட பிறகு, பழைய பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டபோதுதான் காதில் விழுந்தது. பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன். 2020 டிசம்பர், புரெவிப் புயல்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. சொல்லச் சொன்னது மீன்வளத்துறை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. வல்லம், வத்தை அனைத்தையும் மேட்டுக்கு ஏற்றிக் கட்டவும். கரையோர வீடுகளில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும். மறுபடியும் அறிவிக்கப்படுகிறது."

அவ்வளவுதான். 'நான்' கிடையாது. அக்கா, தங்கச்சி கிடையாது. குரலில் ஏற்றம் இறக்கம் கிடையாது. நாடகம் நடத்த எத்தனையோ இடம் இருந்தும் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. புரெவி டிசம்பர் 2 இரவு இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. வரும், வராது என்று ஒரு நாளுக்கு மேல் ஊரே விழித்துக் கிடந்தது. அந்த இரண்டு ராத்திரியும் முழங்கால் தண்ணீரில் ஆட்டோவை உருட்டிக்கொண்டு போய் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பேரிடருக்கு அதில் விலக்கும் உண்டு. அன்றைக்கு விதியைப் பற்றி நினைத்தவர் யாரும் இல்லை. பஞ்சாயத்து கொடுத்த டீசல் காசை மட்டும் வாங்கிக்கொண்டார், வேறு எதுவும் வாங்கவில்லை.

இதில் 'சொல்லச் சொன்னது' என்ற ஒரு துண்டை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மரண அறிவிப்பிலும் அது வரும் ("சொல்லச் சொன்னது அவரது மூத்த மகன்"). தண்ணீர் அறிவிப்பிலும் வரும். அவர் கண்டுபிடித்ததா என்றால் இல்லை. தண்டோராவே அப்படித்தான். யார் உத்தரவு என்று சொல்லாமல் பறை தட்ட முடியாது. இந்தக் கடற்கரைக்குக் காது பழக்கிய இலங்கை வானொலியிலும் அதே ஒழுங்கு இருந்தது. சென்னையைவிடத் தெளிவாகக் கொழும்பு கேட்ட காலத்தில் வளர்ந்தவர் அவர். ஒரு பாட்டு நிகழ்ச்சி என்றாலும் இன்ன நிறுவனத்தார் வழங்கும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். கோபால் பல்பொடி பேர் இன்றும் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு மறக்கவில்லை. அது விளம்பரம் என்று அப்போதே அவர்களுக்குத் தெரியும்.

ஒலிப்பதிவு

சீட்டுக்காரர் வெளியூர். மாவட்டத்தில் நாலைந்து ஊரில் இதே மாதிரி பிடிக்கத் திட்டம் போட்டிருந்தார். "அந்த ஊருக்கு அந்த ஊரு குரல்தான் சார் எடுபடும்" என்பது அவர் கொள்கை. தொழில் தெரிந்த ஆள்.

முட்டை அட்டை ஒட்டிய சுவர், ஒரு மைக், ஒரு மின்விசிறி. விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும், எல்லோருக்கும் வியர்க்கும். மைக்கண்ணன் தாளை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். முதல் தடவை புயல் அறிவிப்பைப் படிப்பது போலவே படித்தார். நான் நிறுத்தினேன்.

"அண்ணே, இது அறிவிப்பு இல்ல. வீட்டு வாசல்ல நின்னு பேசுற மாதிரி பேசணும்."

இரண்டாவது தடவையும் அதே.

"சிரிச்சுக்கிட்டே பேசுங்கண்ணே. ஒதடு சிரிச்சா குரல்ல தெரியும்."

"மைக்குல சிரிச்சுப் பழக்கம் இல்லப்பு. சாவுச் சேதி சொல்ற வாயி இது."

ஏழாவது தடவையில் வந்தது. 'அக்கா' என்ற சொல்லை நான் கேட்டபடி இழுத்தார். 'நான் ஒங்க மைக்கண்ணன்' என்று அவர் சொன்னபோது எனக்கே மயிர் சிலிர்த்தது. அதை அப்போது தொழில் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருடமாக அந்த ஸ்பீக்கரில் 'நான்' என்ற சொல்லே ஒலித்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.

கடைசி வரியை எழுதும்போது சீட்டுக்காரரிடம் கேட்டேன், உண்மையாகவே அவர் வீட்டில் சீட்டு இருக்கிறதா என்று. இருக்கிறது சார் என்று அட்டையைக் காட்டினார். ரோஸ் நிற அட்டை, அண்ணன் வீட்டு அண்ணி பெயரில் இரண்டு. முதல் மாதக் கட்டத்தில் முத்திரை. அந்த முத்திரைக்கு யாரும் காசு கட்டவில்லை, அந்த இரண்டு அட்டையும் விளம்பரக் கூலியில் ஒரு பங்கு என்பதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆக அந்த வரியில் பொய் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நான் கேட்கவில்லை. அப்போது ஆபரணத் தங்கம் கிராம் ஐயாயிரத்தை ஒட்டி விற்றது. பன்னிரண்டு மாதம் 500 கட்டினால் 6,000. தங்கம் போக மிச்சத்தில் பாத்திரம், பட்டாசு, ஏஜென்ட் கமிஷன், அச்சிட்ட அட்டை, எங்கள் கூலி, ஆட்டோ டீசல். விளம்பரத்தை எழுதும்போது மேசை மேலேயே கால்குலேட்டர் இருந்தது.

ஓடிய விதம்

நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பாசிக்குப் போன பெண்கள் மத்தியானத்துக்கு மேல் திரும்பி, உப்புத் தண்ணீர் போகக் குளித்து, சோறு பொங்கிவிட்டு வாசலில் உட்காரும் நேரம் சாயங்காலம் 5 மணி. ஆண்கள் வலைக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். ஆகவே காதில் விழுவது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். பத்து நாள், நாளுக்கு இரண்டு சுற்று. சுற்று முடிந்த மறுநாள் காலை ஏஜென்ட் நோட்டோடு வருவார். சேர்ந்தவருக்கு அன்றே ஒரு சில்வர் டப்பா கையில். பத்துப் பேரைச் சேர்த்துவிடுகிற அக்காவுக்கு ஒரு குக்கர்.

சில்வர் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது ரூபாய் பெறாத சாமான். ஆனால் வாங்கி அடுப்படியில் வைத்தாகிவிட்டது, அதற்கு மேல் இரண்டாம் மாதம் கட்டாமல் இருக்க மனசு வராது. கொடுத்தவன் கை மேலே, வாங்கியவள் கை கீழே.

தடைக்காலம் பற்றிய வரி விசைப்படகுக் கூலிகளின் வீடுகளைக் குறி வைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நிவாரணம் அப்போது 5,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 8,000 ஆக்கினார்கள். 61 நாளுக்கு 5,000 வாங்கும் வீட்டில் 'கையேந்த வேணாம்' என்ற சொல் எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சீட்டில் காசு திரும்ப வருவது தீபாவளிக்கு. தடைக்காலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த ஓட்டையை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

விழுந்த கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2023 ஐப்பசியில் ஏஜென்ட் வருவது நின்றது, போன் அணைந்தது, டவுனில் இருந்த கடையின் ஷட்டர் இறங்கியது. நவம்பர் 12 தீபாவளி. சிலர் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தார்கள். பலர் கொடுக்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கட்டிய காசு, புகார் கொடுத்தால் தெரிந்துவிடும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டது

2024 தை மாதம் மைக்கண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீ எழுதுனதுதான. நான் படிச்சேன். ரெண்டு பேருமா போயி ஏன் கட்டுனீகன்னு கேப்பம். வா."

முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். நான் கையில் விளம்பரத் தாளோடு போனேன். எந்த வரி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளும் தொழில் ஆசையும் இருந்தது, ஒளிக்க வேண்டாம்.

தங்கக் காசை நினைவு வைத்திருந்தவர் மிகச் சிலர். பாத்திரம், பட்டாசு ஒருவருக்கும் நினைவில்லை. 'நம்ம வீட்லயும் ரெண்டு சீட்டு' மட்டும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல் மாறாமல் திரும்பி வந்தது. ஒரு பாட்டி அதை மைக்கண்ணன் குரலிலேயே இழுத்துச் சொல்லிக் காட்டினார். மைக்கண்ணனும் பக்கத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்டு வலைக்குப் போகும் ஒருவர் சொன்னது வேறு தினுசு. "சீட்டு நிக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே. பெறகு ஏன் கட்டுனன்னு கேக்குறியளா? பொரெவியில எங்க ஆத்தாவ இவருதான் ஆட்டோவுல தூக்கிப் போட்டு பள்ளிக்கொடத்துக்குக் கொண்டுபோனாரு. காசு குடுத்தேன், வாங்கல. இப்ப அவரு ஒண்ணு சொல்றாரு. கேக்கல, சொன்னாருதான். ஆனா கேட்ட மாதிரி இருந்துச்சு."

சீட்டு போடாத வீடுகளுக்கும் போனோம். பெரும்பாலும் காசு இல்லாததால் போடாதவர்கள். ஒரு ராத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) மட்டும் காரணம் சொன்னார். கணவர் வளைகுடாவில் இருப்பவர், கையில் காசு புழங்கும் வீடு.

"அவுக எப்பவும் அறிவிக்கப்படுகிறதுன்னுதான சொல்லுவாக. அன்னைக்கி அக்கான்னாக. எனக்கு என்னமோ பண்ணுச்சு. எங்க வாப்பா மௌத்தான அன்னைக்கிக்கூட அவுக அக்கான்னு சொல்லல. பேரச் சொல்லி, நேரத்தச் சொல்லி, சொல்லச் சொன்னது மகன்னு சொன்னாக. அதுதான் அவுக. இது யாரோன்னு நெனச்சேன்."

அந்த வீட்டுத் திண்ணையில் எனக்குப் புரிந்ததைத்தான் இந்த ஆய்வின் முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் உறவு என்றால் இளகிய குரல், பேச்சுத் தமிழ், 'நான் ஒங்க வீட்டுப் பிள்ளை'. அந்த ஊரிலோ உறவு வளர்ந்தது விறைத்த குரலில், யாரையும் விளிக்காத வாக்கியத்தில், எதையும் கேட்காத அறிவிப்பில். இருபது வருடம் சேர்ந்த நம்பிக்கை முழுக்க அந்த வறட்டுத் தமிழுக்குள் இருந்தது. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அவர் குரலை மட்டும் உரித்து, நான் பாசத்தை ஊற்றி நிரப்பினேன். அதோடு 'சொல்லச் சொன்னது' என்ற துண்டையும் வெட்டியிருந்தேன். விளம்பரத்தில் அது வந்திருந்தால் அடுத்து ஒரு பெயர் வந்திருக்க வேண்டும். பெயர் வந்தால் அது யாரு என்று ஊர் கேட்டிருக்கும்.

வேறொரு கடற்கரையில் நடந்தது

இதற்கு ஒரு பழைய துணைக் கதை இருக்கிறது. 1943 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவில் கேட் ஸ்மித் என்ற பாடகி சிபிஎஸ் வானொலியில் 18 மணி நேரம், 65 தடவை பேசி, போர்க்காலப் பத்திரங்கள் வாங்கச் சொன்னார். அன்று ஒரே நாளில் சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலருக்கு வாக்குறுதி குவிந்தது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் கேட்டவர்களைத் தேடிப் போய் விரிவாகப் பேசி, 1946-இல் அந்த ஆய்வை வெளியிட்டார். அவர் கண்டது இது. மக்கள் பத்திரத்தின் நன்மை தீமையைப் பார்த்து வாங்கவில்லை. இந்தப் பெண் தூக்கம் கெட்டு, தொண்டை கெட்டு, தனக்கென்று ஒன்றும் வாங்காமல் பேசுகிறாள், இவள் பேச்சுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்து வாங்கினார்கள். எங்கள் ஊரின் நண்டு வலைக்காரர் எண்பது வருடம் கழித்து அதையேதான் சொன்னார். 18 மணி நேரத்துக்குப் பதில் புரெவியின் இரண்டு ராத்திரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெர்ட்டன் இன்னும் ஒரு படி போனார். எங்கு திரும்பினாலும் யாரோ எதையோ விற்கும் சமூகத்தில் மனிதர்கள் உண்மையான குரலுக்கு ஏங்கிப் போகிறார்கள், அந்த ஏக்கத்தாலேயே உண்மை போன்ற குரலிடம் எளிதாக விழுகிறார்கள் என்றார். ஒருவரை நன்றாக வளைப்பதற்காக அவர் மேல் அக்கறை இருப்பது போல் நடிப்பதற்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் சொல்வதானால் உறவு வேடம். நான் படித்த விளம்பரப் பட்டறைகளில் அதற்கு நல்ல நல்ல பெயர்கள் வைத்திருந்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மெர்ட்டன் கதையும் எங்கள் கதையும் பிரிகின்றன. கேட் ஸ்மித்தை அந்த மக்கள் தெருவில் பார்த்ததில்லை, அவர்களுக்கு அவர் வெறும் குரல். மைக்கண்ணன் அடுத்த தெரு. சாயங்காலம் டீக்கடையில் நிற்கிறவர். தொலைவில் இருக்கும் குரல் ஏமாற்றினால் ரேடியோவை அணைத்துவிடலாம்.

யாரு காசு குடுத்தா?

சீட்டு முறிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கடலில் காற்று பலம் என்று மீன்வளத்துறை தகவல். மைக்கண்ணன் வழக்கம் போல வழக்கமான தமிழில் சொல்லிக்கொண்டு கரைப்பக்கம் போயிருக்கிறார். மீன் ஏலம் முடிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிராமலே கேட்டாராம்:

"இன்னைக்கி இதுக்கு யாரு காசு குடுத்தா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கோபமாக யாரும் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை என்றார் அவர் என்னிடம். அன்று நாலைந்து வல்லம் கிளம்பிப் போய் அலை தாங்காமல் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுதும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

சேதத்தை 6,000 ரூபாய் என்று கணக்கிடுவது ஆகவே சரியில்லை. புயல் எச்சரிக்கை, தண்ணீர் நேரம், அடக்க நேரம் எல்லாம் பயணம் செய்யும் ஒரே கம்பியில் நாங்கள் சீட்டையும் அனுப்பினோம், கம்பி அறுந்தது. அந்தக் கம்பி மைக்கண்ணனுக்கே சொந்தமில்லை, வாடகைக்கு விட அவருக்கு என்ன உரிமை என்று ஒரு பெரியவர் பஞ்சாயத்தில் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே பட்டது. இருபது வருடம் அந்தக் கம்பியைக் கட்டிக் காத்ததற்கு ஊர் அவருக்கு என்ன கொடுத்தது, டீசல் காசைத் தவிர?

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. பதிவு இல்லாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தெரிந்தே ஆள் சேர்ப்பதையும் குற்றமாக்குகிறது. அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பரிந்துரைத்துப் பேசியவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன் என்று காட்டினால் தப்பலாம். சமூக ஊடகத்தில் காசு வாங்கிப் பேசுகிறவர் அதைச் சொல்ல வேண்டும் என்று 2021 முதல் விளம்பரத் தர மன்றத்தின் விதி, 2023 ஜனவரியில் மத்திய அரசின் வழிகாட்டி. கடைசி இரண்டும் கைப்பேசித் திரையை மனதில் வைத்து எழுதியவை. ஆட்டோ மேலிருக்கும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றி யார் நினைப்பார்? பாம்பனில் 2016-லிருந்து 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலிக்குக்கூட மணிக்கு எத்தனை நிமிடம் விளம்பரம் என்று அளவு இருக்கிறது. 2024-இல் அதை 7-லிருந்து 12 நிமிடமாக்கினார்கள். மைக்கண்ணனுக்கு அளவு அவரேதான்.

அவர் செய்தது

வீடுகளுக்குப் போய்க் கேட்டு முடித்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், சந்தியில் ஆட்டோவை நிறுத்தினார். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தார், அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. சொல்லச் சொன்னது யாரும் இல்லை. சென்ற ஆண்டு தீபாவளிச் சீட்டு விளம்பரத்துக்குக் கூலியாக 4,000 ரூபாயும் காசு கட்டாத சீட்டு இரண்டும் வாங்கப்பட்டது. சீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கப்படவில்லை. மன்னிப்புக் கேட்கப்படுகிறது. மறுபடியும் அறிவிக்கப்படுகிறது."

'மன்னிப்புக் கேட்கப்படுகிறது' என்றதும் பள்ளிவாசல் வாசலில் இரண்டு பையன்கள் வாய் பொத்திச் சிரித்தார்கள். அவர் கவனித்தாரா தெரியவில்லை. அந்த இலக்கணத்தில் அவருக்கு வேறு வழி கிடையாது, 'நான்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சொன்னபடி இரண்டாம் தடவையும் முழுதாகப் படித்துவிட்டு ஆட்டோவை எடுத்தார். 4,000 ரூபாயை மாதா கோவில் பக்கம் இருக்கும் மூன்று விதவைகளின் வீட்டில் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டியவர்கள் அவர்கள்.

விளம்பரத்தை அவர் விடவில்லை. விட்டால் ஆட்டோவுக்குத் தவணை கட்ட முடியாது. ஆனால் ஒன்றை மாற்றினார். காசு வாங்கிச் சொல்வதற்கும் இப்போது அதே வறட்டுத் தமிழ்தான். "விளம்பரம். சொல்லச் சொன்னது இன்ன தெரு வலைக் கடை. நைலான் வலை வந்துள்ளது. கிலோ விலை கடையில் கேட்டுக்கொள்ளவும்." வலைக்கடைக்காரரும் ஐஸ் கம்பெனிக்காரரும் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கடை இந்த ஊரில்தான், ஓடிப்போக முடியாது. கண் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் பிடித்தது. டவுனிலிருந்து வந்த ஒரு பர்னிச்சர் கடைக்காரர், "அண்ணே, விளம்பரம்னு மொதல்லயே சொன்னா யாருண்ணே கேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். வருமானம் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை.

நம்பிக்கை திரும்பியதா? அடுத்த ஐப்பசியில் காற்று எச்சரிக்கை சொன்னபோது வல்லங்கள் மேடேறியதைப் பார்த்தேன். ஆனால் அதற்குள் கரையில் பாதிப் பேர் கைப்பேசியிலேயே காற்று வேகம் பார்க்கிறார்கள். எதனால் ஏற்றினார்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. கூடை கழுவிய அக்கா அன்றும் அங்கே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு வேலை வந்தது. மாவட்டம் முழுக்கப் போடப் போகிற விளம்பரம், நல்ல கூலி. மைக்கண்ணன் குரல் வேண்டும் என்றார்கள். அவர் 'விளம்பரம், சொல்லச் சொன்னது' என்றுதான் ஆரம்பிப்பார் என்றேன். "அவர் வர வேண்டாம் சார். பழைய பதிவு நாலு நிமிஷம் இருந்தா போதும், குரலை கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கலாம். எப்படி வேணும்னாலும் பேச வைக்கலாம், சிரிக்கக்கூட வைக்கலாம்."

என் ஹார்ட் டிஸ்கில் இருப்பது மூன்று மணி நேரப் பதிவு. அன்று சாயங்காலமே போய் அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அழிச்சுருப்பு."

அவர் முன்னாலேயே மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாக அழித்தேன். சீட்டு விளம்பரத்தின் ஏழு தடவையும் போயிற்று. புரெவி ராத்திரிப் பதிவு வந்தபோது என் கை நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை, சந்தில் தண்ணீர் லாரி திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் அழிக்கவில்லை. அவரிடம் இன்னும் சொல்லவும் இல்லை.